பதினொன்றை விடாத சோலோ: நாட்டார் இசையும் ஜாஸும் கலந்த ஐவர் கச்சேரி

மேடையோரம் | ஞாயிறு, காலை 6:50

நேற்று ராத்திரி கச்சேரி முடிந்து வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். வந்திருந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். வராதவர்களும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

ஐந்து பேர். கிளாரினெட், வயலின், அக்கார்டியன், டபுள் பாஸ், டிரம்ஸ். வாய்ப்பாட்டே கிடையாது. பெரும்பாலும் பல்கேரிய, மாசிடோனிய ஆட்ட மெட்டுகள். நடுவில் ஸ்வீடனிலிருந்து ஒன்று. கடைசி இரண்டும் அவர்களே கட்டியவை.

நான்காவதாக வாசித்த உருப்படியைப் பற்றித்தான் எனக்கு எழுத வேண்டும். கோபானிட்சா என்கிற பல்கேரிய ஆட்டம். ஒரு தாளச் சுற்றுக்கு, அதாவது ஆவர்த்தனத்துக்கு, பதினொன்று மாத்திரை: 2+2+3+2+2. வயலினும் கிளாரினெட்டும் சேர்ந்து மெட்டை இரண்டு தடவை வாசித்து முடித்தன. அடுத்து கிளாரினெட் தனியாக மனோதர்மம் செய்யும் சோலோ. எனக்குப் பக்கென்றது. இந்த மாதிரிக் கச்சேரிகளில் நான் பல தடவை ஏமாந்த இடம் அது. மெட்டு வரைக்கும் நாட்டார் தாளம் இருக்கும். சோலோ தொடங்கியதும் டிரம்ஸ்காரர் சத்தமில்லாமல் நாலு தட்டுத் தாளத்துக்கு வந்துவிடுவார். அதற்கப்புறம் நடப்பது எங்கேயும் கேட்கக் கிடைக்கிற ஜாஸ்.

உலகமே அறிந்த உருப்படி ஒன்றிலும் இதைப் பார்க்கலாம். அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக் 1958-இல் சுற்றுப்பயணம் போனபோது இஸ்தான்புல் தெருவில் வாத்தியக்காரர்கள் வாசித்த ஒன்பதைக் கேட்டார். 2+2+2+3. அதை வைத்துக் கட்டிய 'புளூ ரோண்டோ அ லா டர்க்' 1959-இல் 'டைம் அவுட்' இசைத்தட்டில் வந்தது. தொடக்கம் முழுக்க ஒன்பதுதான், பிரமாதம். ஆனால் சாக்சபோன் சோலோவும் பியானோ சோலோவும் நாலு தட்டு புளூஸில் போகின்றன. தெருவில் கேட்ட ஒன்பதுக்குள் நின்று யாரும் மனோதர்மம் செய்யவில்லை. எனக்கு உயிரான இசைத்தட்டு அது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நாளில் அது எவ்வளவு பெரிய எட்டு என்று தெரியும்.

நேற்றைய கிளாரினெட்காரர் பதினொன்றை விடவே இல்லை. முதலில் சின்னச் சின்னச் சொற்கட்டு, அந்த நடு மூன்றை மட்டும் அழுத்தி. பிறகு மூச்சு நீளமாகி, இரண்டு ஆவர்த்தனத்தைச் சேர்த்து ஒரே வாக்கியமாக வாசித்தார். நான் இரண்டாவது வரிசையில் இடது ஓரம். பாஸ்காரர் கால் நன்றாகத் தெரிந்தது. அந்த மூன்று வரும்போது மட்டும் அவருடைய இடது குதிகால் தரையைவிட்டு எழும்பும். சோலோ முழுக்க, ஒரு தடவைகூடத் தப்பாமல். அந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டே கேட்டதில் ஐந்தாறு ஆவர்த்தனத்துக்குள் எனக்கும் தாளம் உடம்பில் ஏறிவிட்டது. எண்ணுவதை எப்போது விட்டேன் என்று தெரியாது.

நாட்டார் இசையும் ஜாஸும் கலக்கின்றன என்று சொன்னால், கலப்பு நடக்க வேண்டிய இடம் சோலோதான் என்று நான் நினைக்கிறேன். மெட்டை யார் வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். அந்த மெட்டின் சட்டத்துக்குள் நின்றுகொண்டு புதிதாகப் பேச முடிகிறதா என்பதுதான் கேள்வி. நேற்று முடிந்தது.

தனியாவர்த்தனம் | ஞாயிறு, காலை 7:35

நானும் இருந்தேன் அண்ணா, வலது பக்கம். மிருதங்கம் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் காதுக்கு இந்தத் தாளங்கள் அவ்வளவு அந்நியம் இல்லை. மாசிடோனிய ஆட்டமான லெஸ்னோட்டோ 3+2+2. தகிட தக திமி, அப்படியே நம் மிஸ்ர சாபு தாளம். பல்கேரிய ருச்செனிட்சா 2+2+3, மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்ட விலோம சாபு. பைடுஷ்கோ 2+3, நம் கண்ட சாபு. முதல் உருப்படி லெஸ்னோட்டோவில் தொடங்கியதும் என் பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் சாபு போட ஆரம்பித்துவிட்டார். கடைசி வரை விடவில்லை.

வித்தியாசம் வேகத்தில். ருச்செனிட்சா எல்லாம் பறக்கும். அந்த வேகத்தில் ஏழையும் தனித்தனியாகச் சொல்ல வாய் வராது. மூன்று தட்டு என்றுதான் பிடிக்க வேண்டும், கடைசித் தட்டு கொஞ்சம் நீளம்.

சோலோ பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அவர் எடுப்புக்கு வந்து விழுந்த விதம் எனக்கு நெரவலை ஞாபகப்படுத்தியது. ஒரே வரி, ஒரே இடம், ஒவ்வொரு தடவையும் வேறு வழியாக வந்து சேர்வது.

வட்டஆட்டம் | ஞாயிறு, காலை 9:10

எல்லாரும் பாராட்டுகிற இடத்தில் மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு கேட்காது.

படிக்கப்போன ஊரில் பால்கன் வட்ட ஆட்டக் குழு ஒன்றில் நான்கு வருஷம் ஆடியிருக்கிறேன். கையைக் கோத்துக்கொண்டு ஒரே வரிசையாகச் சுற்றிவருவோம். முதல் நாள் நான் பதினொன்று எண்ணிக்கொண்டு ஆடினேன். சொல்லிக்கொடுத்த அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தி, எண்ணாதே, ஐந்து அடிதான், நடுவடி நீளம் என்றார். அவ்வளவுதான் பாடம். நம் மொழியில் சொன்னால் குறில், குறில், நெடில், குறில், குறில். திருப்புகழ்ச் சந்தத்தைப் பாடுகிறவர்கள் மாத்திரையை விரலால் எண்ணிக்கொண்டா பாடுகிறார்கள்? தத்தன தான என்று வாயில் வருகிறது, நீளமும் குறுக்கமும் தானாக அமைகிறது. அதே மாதிரி.

அந்த நெடில் எப்போதும் கச்சிதமாக ஒன்றரை மடங்கு நீளம் என்றும் இல்லை. வேகத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப ஒரு நூல் கூடும், குறையும். ஆடுகிறவர் மேலே எழும்பி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு.

நேற்றைய டிரம்ஸ்காரர் நான்காவது உருப்படியில் என்ன செய்தார்? ஹை-ஹாட் என்கிற இரட்டைச் சிம்பலில் பதினொன்றையும் ஒரே அழுத்தத்தில் தட்டிக்கொண்டே இருந்தார், தையல் மெஷின் ஓடுவது போல. கணக்கு துல்லியம். ஆனால் அதற்கு ஆட முடியாது. எல்லா மாத்திரையும் காதில் விழுந்தால் குறிலும் நெடிலும் காணாமல் போகும். கேட்பவருக்கு 'ஆ, எவ்வளவு சிக்கலான தாளம்' என்று வியப்பு வரும். அந்த மண்ணில் பிறந்தவருக்கு அது சிக்கலே இல்லை, குழந்தைகள் ஆடுகிற தாளம் அது.

கிளாரினெட் சோலோ அருமை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பதினொன்றிலேயே நின்றதால் நாட்டார்தன்மை காப்பாற்றப்பட்டது என்று மேடையோரம் எழுதியதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எண்ணிக்கை காப்பாற்றப்பட்டது, நடை காப்பாற்றப்பட்டதா என்று கேட்கிறேன்.

புதுக்காது | ஞாயிறு, காலை 9:42

வணக்கம். நேற்றுதான் இந்த மாதிரி இசையை வாழ்க்கையில் முதல் தடவையாக நேரில் கேட்டேன். நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். எதுவும் தெரியாமல் போய் உட்கார்ந்து, இடைவேளையில் வெளியே வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே நீங்கள் எழுதுவதில் பாதி புரிகிறது, மீதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்களேன்.

மந்தரக்கம்பி | ஞாயிறு, காலை 11:20

புதுக்காது, வாருங்கள். உங்களுக்கு அப்புறம் தனியாக எழுதுகிறேன். முதலில் எல்லாரும் தாளத்தையே பேசுகிறீர்கள், சுருதிப் பக்கம் யாரும் வரவில்லையே என்று பார்த்தேன். நான் பாஸ் வாசிக்கிறவன், எனக்கு அதுதான் முதலில் படும்.

இந்த நாட்டார் மெட்டுகள் பலவும் ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கிவிடும். கய்டா என்கிற பையூதுகுழலில் ஒரு குழல் மெட்டை வாசிக்கும், இன்னொரு குழல் ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும். அந்த நிலையான சுருதிக்கு எதிரே நிற்பதால்தான் மெட்டில் வரும் ஒவ்வொரு அசைவுக்கும் அர்த்தம். தம்பூராவை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் அட்சரத்துக்கும் ஆதார சுருதியை மாற்றிக்கொண்டே இருந்தால் கமகம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜாஸின் கார்ட் முறை, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறை, அதைத்தான் செய்யும். ஒரு கார்ட் வந்தால் அது அடுத்ததைக் கேட்கும், அடுத்தது அதற்கடுத்ததை. மெட்டை அந்த ஓட்டத்தின் மேல் தூக்கிவைத்தால் மெட்டு மிதக்க ஆரம்பித்துவிடும், வேர் இருக்காது. ஜாஸ்காரர்களே இதை உணர்ந்த காலம் ஒன்று உண்டு. 1959-இல் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 'கைண்ட் ஆஃப் புளூ'வில் கார்டுகளைக் குறைத்து, ஒரே சுர வரிசையில் நீண்ட நேரம் தங்கினார். அந்தக் கதவு திறந்ததும் நாட்டார் மெட்டு உள்ளே வர இடம் கிடைத்தது. 1961-இல் சாக்சபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் 'ஓலே' வாசித்தார். அடிப்படை ஒரு ஸ்பானிய நாட்டுப் பாட்டு. இரண்டு பாஸ் வைத்துக்கொண்டு, பதினெட்டு நிமிஷம், கார்ட் ஓட்டத்துக்குப் பதிலாக ஒரே நிலத்தில் நின்று. நான் பாஸ் எடுத்ததற்கு அந்த இரண்டு பாஸும் ஒரு காரணம்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். அக்கார்டியன்காரரின் இடது கையை யாராவது கவனித்தீர்களா? அக்கார்டியனில் இடது பக்கப் பொத்தான்கள் பாஸ் சுரத்துக்கும் கார்டுக்கும். அவர் அவற்றை ஏறக்குறையத் தொடவே இல்லை. இடது கை துருத்தியை இழுக்கவும் அமுக்கவும் மட்டும். வலது கையிலும் பெரும்பாலும் ஆதார சுரமும் பஞ்சமமும்தான். ஏன் என்று ஐந்தாவது உருப்படியில் புரிந்தது. வயலின்காரர் காந்தாரத்தை, அதாவது 'க'வை, சாதாரணத்துக்கும் (தாழ்ந்தது) அந்தரத்துக்கும் (உயர்ந்தது) நடுவில் ஓரிடத்தில் பிடித்தார். அக்கார்டியனின் நாக்குகள் பட்டறையில் சுருதி கூட்டியவை, அந்த நடுச் சுரம் அதில் கிடையாது. அவர் எந்தக் காந்தாரத்தைத் தொட்டாலும் வயலினோடு மோதும். அதனால் காந்தாரத்தையே விட்டுவிட்டார். வயலினுக்கு அந்த இடத்தைக் காலி செய்து கொடுத்தார்.

புளூஸ் பாடுகிறவர்களும் அதே நடுக் காந்தாரத்தைத்தான் பிடிக்கிறார்கள். புளூ நோட் என்று பேர். இரண்டு மரபும் கேட்டு வாங்காமல் ஏற்கெனவே ஒரே சுரத்தில் நிற்கின்றன என்றால், கலப்பதற்கு அதைவிட நல்ல இடம் எது? கிளாரினெட்காரர் அந்தச் சுரத்திலிருந்து புளூஸுக்குள் நுழைந்து நான்கு ஆவர்த்தனம் இருந்துவிட்டு, அதே சுரம் வழியாகத் திரும்ப வந்தார். எந்த இடத்தில் எல்லை தாண்டினார் என்று பாஸ்காரன் எனக்கே பிடிபடவில்லை.

மாடிஇருக்கை | ஞாயிறு, பகல் 12:05

நீங்கள் எல்லாம் கீழே முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள். நான் மாடி. முதல் பாதியில் எனக்கு வயலின் கேட்கவே இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பாஸ் நெஞ்சில் இடித்தது. கிளாரினெட் கீழ்ச்சுரத்தில் ஊளையிட்டது, இரண்டு தடவை ஸ்பீக்கர் கூவியது. காசு கொடுத்து வந்தவர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார முடியாது. அரங்கத்தின் ஒலிப் பொறுப்பாளர் ஒரு முறையாவது மாடி ஏறி வந்து கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டுவிட்டு, அந்த நுணுக்கம் பாதிப் பேர் காதுக்குப் போகாமல் விடுவது பெரிய அநியாயம்.

மந்தரக்கம்பி | ஞாயிறு, பகல் 12:30

மாடிஇருக்கை, உங்கள் வருத்தம் நியாயம். முதல் பாதியில் கிளாரினெட்டுக்கு வைத்த மைக் அதன் வாய்க்கு நேரே, மணி போல விரிந்த முனையில் இருந்தது. கிளாரினெட்டில் மிகக் கீழ்ச்சுரங்கள் மட்டும்தான் பெரும்பாலும் அந்த முனை வழியாக வரும். மற்றதெல்லாம் திறந்திருக்கும் துளைகளிலிருந்து வெளியே வருகிறது. முனையில் மைக் வைத்தால் கீழ்ச்சுரம் குதிக்கும், மேலே போகப் போக ஒலி ஒடுங்கும். நீங்கள் கேட்ட ஊளை அதுதான். இடைவேளையில் கிளாரினெட்காரரே வந்து மைக்கை ஒரு முழம் தள்ளி, வாத்தியத்தின் நடுப்பாகத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். இரண்டாம் பாதியில் மாடியில் வித்தியாசம் தெரிந்ததா?

மாடிஇருக்கை | ஞாயிறு, பகல் 12:41

தெரிந்தது. இரண்டாம் பாதியில்தான் எனக்குக் கச்சேரியே தொடங்கியது. அந்த ஸ்வீடன் மெட்டில் வயலின் வில் கம்பியில் உரசுகிற சத்தம்கூட மாடிக்கு வந்தது. இதைச் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

வடகாற்று | ஞாயிறு, மாலை 4:15

ஸ்வீடன் மெட்டு பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காலையிலிருந்து காத்திருக்கிறேன்.

அது ஒரு போல்ஸ்கா. மூன்று தட்டு ஆட்டம். ஆனால் வால்ட்ஸ் மாதிரி மூன்றும் சமம் இல்லை. பகுதிக்குப் பகுதி மாறும். சில இடத்தில் முதல் தட்டு குறுகி இரண்டாவது நீளும். நார்வேயின் டெலெமார்க் பக்கத்து ஸ்ப்ரிங்கார் ஆட்டத்தில் முதலாவது நீளம், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குட்டை. இதைத் தாளில் எழுதினால் முக்கால் என்றுதான் எழுத முடியும். எழுதியதைப் பார்த்து வாசித்தால் ஆட்டம் செத்துப்போகும். வட்டஆட்டம் மேலே சொன்ன 'ஒரு நூல் கூடும், குறையும்' இங்கேயும் உண்டு.

ஜாஸில் ஸ்விங் என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். இரண்டு அரைத்தட்டு சமமாக எழுதியிருக்கும், வாசிக்கும்போது முதலாவது நீளும், இரண்டாவது ஒடுங்கும். எவ்வளவு என்று கேட்டால் எந்த டிரம்ஸ்காரரும் எண்ணில் சொல்ல மாட்டார். வேகமாகப் போகும்போது இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும், நிதானத்தில் இடைவெளி அகலும். கூடவே உட்கார்ந்து வாசித்து வாங்கிக்கொள்ள வேண்டிய சங்கதி.

இந்த இரண்டையும் முதலில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர்களில் ஒருவர் யான் யோஹான்சன் (ஜான் அல்ல, யான் என்று சொல்ல வேண்டும்), ஸ்வீடன் பியானோக்காரர். 1964-இல் வந்த அவருடைய 'யாஸ் போ ஸ்வென்ஸ்கா' இசைத்தட்டில் பியானோவும் கேயோர்க் ரீடெலின் பாஸும் தவிர வேறு எதுவும் இல்லை. பழைய நாட்டு மெட்டுகள், மிகக் கொஞ்ச சுரங்கள், நிறைய மௌனம். அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த இசைத்தட்டு அது. 1968-இல் கார் விபத்தில் போய்விட்டார்.

நேற்று அவர்கள் அந்த வழியைத்தான் எடுத்தார்கள் என்று தோன்றியது. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வயலினும் பாஸும் மட்டும். வயலின்காரர் தொடங்குமுன் கீழ்க்கம்பியின் முறுக்காணியைத் திருகி ஒரு முழுச்சுரம் ஏற்றினார். மேலே மெட்டு போகும்போது கீழே அந்தக் கம்பி சும்மா ஒலித்துக்கொண்டே இருந்தது. நார்வேயின் ஹார்டாங்கர் வயலினில் வில் படுகிற கம்பிகளுக்கு அடியில் நாலைந்து கம்பிகள் தாமாக அதிரும். சாதாரண வயலினில் அதற்குக் கிட்டத்தில் ஒன்றை இப்படி வரவழைத்தார். நான் அழுதேன்.

மேடையோரம் | ஞாயிறு, மாலை 6:30

வட்டஆட்டத்துக்குப் பதில் சொல்லாமல் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன்.

ஏழாவது உருப்படி நினைவிருக்கிறதா? டிரம்ஸ்காரர் எழுந்து நின்று, தபான் என்கிற பெரிய இருமுக மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். வலது கையில் தடித்த குச்சி, இடது கையில் பிரம்பு மாதிரி மெல்லியது. தடிக்குச்சி பெரிய தட்டுகளில் மட்டும் விழுந்தது. மெல்லியது நடுவில் இருப்பதை லேசாக வருடிக்கொண்டு போனது. பறையில் ஒரு கைக்குத் தடித்த குச்சி, மறு கைக்கு நீண்ட மெல்லிய குச்சி என்று இருப்பதன் பொருள் எனக்கு அந்த நேரத்தில்தான் முழுதாக உறைத்தது. பெரிய தட்டு ஒருவர் குரல், இடைநிரப்பு இன்னொருவர் குரல். இரண்டும் ஒரே அழுத்தத்தில் வந்தால் யார் பேசுகிறார் என்று தெரியாது.

அந்த உருப்படியில் அரங்கமே அசைந்தது. நான்காவதில் நாங்கள் வியந்தோம், ஏழாவதில் ஆடினோம். இப்போது யோசித்தால் நீங்கள் சொல்லும் வித்தியாசம் அதுதான். ஹை-ஹாட்டை அவர் குறைத்திருக்கலாம்.

மீதிப் பாதியை ஏற்க மாட்டேன். டிரம்ஸ் எப்படி இருந்தாலும் கிளாரினெட்காரர் மூச்சில் குறிலும் நெடிலும் இருந்தன. பாஸ்காரர் குதிகாலில் இருந்தது. ஐவரில் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதற்காக மற்ற நால்வர் நடந்ததை நடை இல்லை என்று சொல்ல முடியாது.

வட்டஆட்டம் | ஞாயிறு, மாலை 6:58

குதிகாலை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன். தபான் உருப்படியில் நான் எழுந்து பின்சுவர் ஓரமாகப் போய் ஆடினேன், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இன்னும் மூன்று பேர் வந்து கை கோத்தார்கள். அவர்களுக்கு அடி தெரியாது. ஆனாலும் நாலாவது சுற்றில் நெடில் சரியாக விழுந்தது.

கேட்டதைஎழுது | ஞாயிறு, இரவு 8:20

இசை பற்றிச் சொல்ல என்னிடம் கூடுதலாக எதுவும் இல்லை. வேறொன்று உறுத்துகிறது. கொடுத்த தாளில் எட்டு உருப்படிக்கு எதிரே 'மரபு' என்று மட்டும் போட்டிருந்தது. கடைசி இரண்டுக்கு மட்டும் இயற்றியவர் பேர். ஐவரின் தழுவல் என்று பொடி எழுத்தில் கீழே.

மரபு என்றால் யாருடையது? எந்த ஊரில், யார் வாயிலிருந்து, யார் வாத்தியத்திலிருந்து வந்தது? ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1906 முதல் எடிசன் போனோகிராஃப் என்கிற ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போனார். ஹங்கேரி, ருமேனிய, ஸ்லோவாக்கியப் பாட்டுகளைப் பதிவு செய்தார், 1936-இல் துருக்கிக்கும் போனார். பாடியவர் பேர், வயசு, ஊர் என்று குறித்துவைத்தார். அவர் பியானோவுக்கு எழுதிய பல்கேரியத் தாள ஆட்டங்கள் ஆறு இன்றைக்கும் வாசிக்கப்படுகின்றன. நூறு வருஷத்துக்கு முன்னால், மெழுகு உருளையில் பதிவு செய்த ஆள் இதைச் செய்ய முடிந்தது. இன்றைக்கு ஒரு தாளில் இரண்டு வரி கூடுதலாக அச்சடிப்பது கஷ்டமா?

வயலின்காரர் ஒரு மெட்டுக்கு மட்டும் முன்னுரை சொன்னார். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கடைசி வரைக்கும் ஆடு மேய்த்தார், தாளம் தப்பினால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார் என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு அந்த மெட்டை எல்லாரும் வேறு மாதிரிக் கேட்டார்கள். எட்டுக்கும் அப்படி இருந்திருந்தால் என்று ஏங்குகிறேன்.

தனியாவர்த்தனம் | ஞாயிறு, இரவு 8:44

கேட்டதைஎழுது சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். இங்கேயும் எத்தனையோ மேளக்காரர்களின் அடிகள் பேரில்லாமல் மேடையேறுகின்றன. அடி இருக்கும், கற்றுக்கொடுத்த ஆசான் பேர் இருக்காது.

மந்தரக்கம்பி | ஞாயிறு, இரவு 9:30

புதுக்காது, காலையில் சொன்னபடி.

முதலில் வடகாற்று சொன்ன யோஹான்சனைக் கேளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில். எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அதில் பழகிய பிறகு ஈவோ பபாசோவின் 1989 இசைத்தட்டு 'ஆர்ஃபியஸ் அசெண்டிங்'. பல்கேரிய கிளாரினெட், கல்யாண ஆட்டத்துக்கு வாசிக்கிற குழுவின் இசை. முதல் தடவை கேட்கும்போது வேகத்தில் மூச்சு முட்டும், பயப்பட வேண்டாம். பெரிய தட்டை மட்டும் காலால் பிடியுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். நேற்றைய கிளாரினெட்காரர் அவரை எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும்.

கணக்கில் ஆசை வந்தால் அமெரிக்க டிரம்பெட்காரர் டான் எல்லிஸ். 1966 மான்ட்டரே விழாவில் பெரிய குழுவை வைத்து பத்தொன்பதில் வாசித்தார். உருப்படியின் தலைப்பே அதன் கணக்குதான்: 33 222 1 222. கூட்டிப் பாருங்கள். 1971 இசைத்தட்டில் முப்பத்துமூன்றில் ஒரு பல்கேரிய உருப்படி உண்டு, பியானோவில் சோபியாவிலிருந்து வந்த மில்ச்சோ லெவியெவ். அதில் சோலோ எந்தத் தாளத்தில் போகிறது என்று கவனித்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள். மேடையோரத்தின் கேள்விக்கு நீங்களே ஒரு பதிலோடு வருவீர்கள்.

கரையோரம் | ஞாயிறு, இரவு 10:15

கலப்பு என்ற சொல்லைப் பற்றி ஒன்று. நாட்டார் இசை ஒரு பக்கம், ஜாஸ் இன்னொரு பக்கம் என்று இரண்டு பாத்திரம் வைத்து ஊற்றுவது போலப் பேசுகிறோம். ஜாஸே வயல்வேலைப் பாட்டிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் புளூஸிலிருந்தும் தெருவில் போகிற பித்தளை வாத்தியக் குழுவிலிருந்தும் நியூ ஆர்லியன்ஸில் முளைத்தது. அதற்கு நாட்டார் மெட்டு விருந்தாளி இல்லை, சொந்தம்.

அதனால்தான் அது எங்கே போனாலும் உள்ளூர் இசையோடு ஒட்டிக்கொள்கிறது. அசர்பைஜானின் பாக்கூவில் வாகிஃப் முஸ்தஃபாசாதே என்கிற பியானோக்காரர், முகாம் என்கிற அந்த நாட்டு இசையையும் ஜாஸையும் ஒரே பியானோவில் வாசித்தார். முகாம் செவ்வியல் மரபு, நாட்டார் இசை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பியானோவில் இல்லாத சுரத்தை அவர் அடுத்தடுத்த கட்டைகளை உரசிக் காட்டும் விதத்தைக் கேட்டால், மந்தரக்கம்பி சொன்ன நடுக் காந்தாரத்துக்கு இன்னொரு தீர்வு இருக்கிறது என்று புரியும். 1979-இல் முப்பத்தொன்பது வயசில் தாஷ்கண்டில் இறந்தார். நம் பக்கமும் சார்லி மரியானோ என்கிற அமெரிக்க சாக்சபோன்காரர் நாதஸ்வரம் கற்றுக்கொண்டு 1970-களில் ஜாஸ் இசைத்தட்டிலேயே வாசித்தார். எதிர்த்திசையில் கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் கமகம் பேச வைத்தார், 2008-இல் ஜாஸ் சாக்சபோன்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 'கின்ஸ்மென்' இசைத்தட்டு செய்தார்.

இவர்கள் யாரும் இன்னொரு இசையைச் சுவைக்காகத் தூவிக்கொள்ளவில்லை. மாணவனாக உட்கார்ந்து வருஷக்கணக்கில் கற்றார்கள்.

புதுக்காது | திங்கள், காலை 7:05

யோஹான்சனை ராத்திரி கேட்டேன். இரண்டு தடவை. எல்லாருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும். கடைசி உருப்படியில் ஐந்து பேரும் தாறுமாறாக வாசிப்பது போல ஒரு இடம் வந்தது, தாளம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அப்புறம் ஒரே நொடியில் எல்லாரும் நின்றார்கள். யாரும் கை காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. எப்படி?

மேடையோரம் | திங்கள், காலை 7:40

கிளாரினெட்காரர் ஒரு நீண்ட மேல்சுரம் பிடித்தாரே, அது முடியும் இடத்தில் நிற்க வேண்டும் என்று பேசிவைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மந்தரக்கம்பி | திங்கள், காலை 8:10

கிளாரினெட் இல்லை, அக்கார்டியன். அந்தத் தாறுமாறு தொடங்கும்போது அவர் துருத்தியை முழுக்க விரித்தார், கை எட்டுகிற தூரம் வரை. பிறகு திரும்ப இழுக்கவே இல்லை. ஒரே சுரத்தைப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தார். மற்ற நால்வர் கண்ணும் அந்த மடிப்புகள் மேல்தான். துருத்தி முழுக்க மூடி, காற்று தீர்ந்தது. நின்றார்கள்.

மாடிஇருக்கை | திங்கள், காலை 8:32

ஆமாம், மாடியிலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. பாதி மூடும்போதே பாஸ்காரர் வில்லைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார்.